வெளிநாட்டு ஊரோட நம்ம ஊருக்கு நட்பு வேணும்னா

இங்கிலாந்து கோவென்ட்ரியும் ரஷ்யாவோட ஸ்டாலின்கிராடும் (இப்ப வோல்கோகிராட்) 1944லயே சகோதர நகரமாச்சு, அதாவது ஊருக்கு ஊர் நட்பு வெச்சுக்கிட்டாங்க, ரெண்டுமே போர்ல குண்டு விழுந்து நொறுங்குன ஊருங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்து ஆளுங்களும் வெளிநாட்டுல அப்படி ஒரு ஊர தேடுங்க, புயலோ வெள்ளமோ பாத்த ஊரா இருந்தா நம்ம கஷ்டம் சொல்லாமலே புரியும்.

முதல்ல பணம் கேக்காதீங்க. ஸ்கூல் பசங்க லெட்டர், வீடியோ கால், அறுவடை போட்டோ, அவங்க ஊர் திருவிழா எப்படின்னு விசாரிக்கிறது, இதுலதான் ஆரம்பிக்கணும். அப்புறமா நகராட்சிலயோ பஞ்சாயத்துலயோ சொல்லுங்க, முறையான ஒப்பந்தம்னா அரசு அனுமதி வேணும், லேட் ஆகும், நட்பு அதுக்காக நிக்க வேணாம்.

பணம் வர்றப்பதான் ரொம்ப கவனம். வெளிநாட்டுக்காரங்க நன்கொடைய நம்ம சங்கம் வாங்கணும்னா 2010 எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைய ஒழுங்குபடுத்துற) சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்கணும், டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் முதல்ல வரணும், யாரோ ஒருத்தர் சொந்த அக்கவுண்ட்ல போட சொல்லவே சொல்லாதீங்க. இந்திய பாஸ்போர்ட்டோட சிங்கப்பூர்ல வேலை பாக்குற நம்ம பசங்க சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது இந்த சட்டத்துல வராது, ஆனா அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டா வரும்.

என்ன வேணும்னு நாமதான் தெளிவா சொல்லணும். 2004 சுனாமிக்கப்புறம் நாகப்பட்டினத்துல பழைய துணி ரோட்டோரம் குமிஞ்சு கெடந்துச்சு, கட்ட யாருமில்ல. 2018 கஜா புயல்ல தென்னை சாஞ்சவங்களுக்கு வேண்டியது கன்னு, அது காய்க்கிற வரைக்கும் வருமானம். அந்த நட்பு ஊர்ல ஏதாவதுன்னா அன்னைக்கே நீங்களும் போன் போடுங்க.