துளிகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்க

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்பது சிப்பில் உள்ள மயிரிழை போன்ற கால்வாய்களில் திரவத்தை ஓட்டும் வேலை; இங்கே ஃப்ளூரோகார்பன் எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை உண்டாக்குகிறோம். இந்த ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது: சிப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் எண்ணெயைச் சரியாகக் கலக்குங்கள். துளி நிற்பதும் மற்றொன்றோடு சேர்வதும் பெரும்பாலும் சர்ஃபாக்டன்ட் (நீரும் எண்ணெயும் தொடும் விளிம்பில் நின்று துளியைக் காக்கும், சோப்பு போன்ற பொருள்) கையில்தான்.

பாத்திரம் கழுவும் சோப்பு வகைகள் இங்கே உதவாது. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு; சோப்பின் வால் ஹைட்ரோகார்பன். ஃப்ளூரோகார்பன் எண்ணெய்க்கு அது ஒட்டாது. வாலும் ஃப்ளூரின் ஏறியதாக இருக்க வேண்டும். கிரைடாக்ஸ் என்ற பெர்ஃப்ளூரோபாலிஈதர் அமிலத்தை அம்மோனியம் உப்பாக்கினால் மலிவாகவே துளி நிற்கும். ஆனால் அதன் தலையில் மின்னூட்டம் இருப்பதால் புரதம், டிஎன்ஏ போன்றவை துளியின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். உயிரணு, என்சைம் என்றால் நடுவில் மின்னூட்டமில்லாத, நீரை நாடும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்), இருபுறமும் பெர்ஃப்ளூரோபாலிஈதர் வால் உள்ள மூன்று துண்டு சர்ஃபாக்டன்டையே வாங்குங்கள். விலை கடிக்கும்தான்.

எண்ணெயில் சர்ஃபாக்டன்டின் அளவு 2 சதவீதம், எடைக்கு எடை. எச்எஃப்இ-7500 என்ற ஃப்ளூரின் ஏறிய எண்ணெயின் அடர்த்தி மில்லிக்கு ஏறக்குறைய 1.61 கிராம். ஆகவே 0.2 கிராம் சர்ஃபாக்டன்ட் போட வேண்டிய 10 கிராம் எண்ணெய் என்பது 6.2 மில்லிதான். 10 மில்லி ஊற்றி 0.2 கிராம் போட்டால் உங்கள் கரைசல் 1.2 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். பைப்பெட்டை நம்பாமல் தராசில் வைத்து அளக்கவும். நன்றாகக் கலக்கி, 0.2 மைக்ரான் பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிகட்டியில் வடிகட்டுங்கள்.

சரி, கூடுதலாகப் போட்டால் என்ன? 5 சதவீதம் வரை போடுபவர்கள் உண்டு, முக்கியமாகத் துளி பிசிஆருக்கு (துளிகளுக்குள்ளேயே டிஎன்ஏவைப் பெருக்கும் முறை). ஆனால் மிகுதியான சர்ஃபாக்டன்ட் எண்ணெயில் மைசெல் எனும் நுண்திரள்களாகத் திரண்டு, ரோடமின், ரெசோரூஃபின் போன்ற சாயங்களை ஒரு துளியிலிருந்து அடுத்த துளிக்குக் கடத்திவிடும். துளி அழகாக நிற்கும், அளவீடு பொய்யாகும். நீர்ப்பக்கத்தில் கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்தால் கசிவு குறையும். மின்னூட்டமுள்ள ஃப்ளூரெசீன் அவ்வளவு கசியாது.

பிடிஎம்எஸ் (சிலிகோன் ரப்பர்) சிப்பின் கால்வாய்ச் சுவரும் நீரை விரட்ட வேண்டும். கார் கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமலிருக்கப் பூசும் அக்வாபெல் போதும். செலுத்தி, காற்றால் ஊதி வெளியேற்றுங்கள். எண்ணெயை முதலில் ஓடவிட்டு, பிறகு நீர். எண்ணெயின் வேகம் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். துளி பிறந்த கணத்தில் சர்ஃபாக்டன்ட் விளிம்பை முழுதாக மூடியிருக்காது. அதனால் நீரும் எண்ணெயும் சந்தித்துத் துளி பிறக்கும் இடத்துக்கு அடுத்து கொஞ்ச தூரம் துளிகள் இடைவெளி விட்டுப் போக வேண்டும். அங்கேயே முட்டிக்கொண்டால் சேர்ந்துவிடும். சர்ஃபாக்டன்டைக் குறை சொல்லும் முன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

சேகரித்த குழாயில் துளிகள் மேலே மிதக்கும். அடியிலுள்ள எண்ணெயை ஒரேயடியாக உறிஞ்சாதீர்கள். வறண்ட நாளில் கையுறையோடு குழாயைத் தேய்த்தாலே நிலைமின்சாரத்தில் துளிகள் சேர்ந்துவிடலாம். பிசிஆருக்கு எச்எஃப்இ-7500ஐவிட எஃப்சி-40 நல்லது. 165 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாதல் குறைவு.

வேலை முடிந்து துளியை உடைக்க பெர்ஃப்ளூரோ ஆக்டனால் சேர்த்து மெல்லப் புரட்டி, மையவிலக்கியில் சிறிது சுழற்றுங்கள். மேல் அடுக்கு உங்கள் நீர். கீழே இருப்பதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்; இவை எல்லாம் சிதையாத பிஃபாஸ் எனும் ஃப்ளூரின் வேதிப்பொருள் குடும்பம், தனிக் கழிவுப் புட்டியில் போக வேண்டும்.