கீமோவுக்கு முன் ஆண்கள் கேட்க மறப்பது

புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் பிள்ளை பெறுவது பற்றி யாருக்கும் நினைப்பு வராது. டாக்டரும் அவசரத்தில் சொல்லாமல் விட்டிருப்பார். அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போது விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றி எப்படிக் கேட்பது என்று நோயாளிக்கும் கூச்சம். அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டாவது கேட்டுவிடுங்கள்.

வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து குறிவைக்கிறது. விந்தணுவை உண்டாக்கும் செல்களும் அந்த வகைதான். ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல. சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின், புசல்பான் போன்றவை அதிக அளவில் போனால் பாதிப்பு நிரந்தரமாகலாம். ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரும் ஏபிவிடி என்ற நான்கு மருந்துச் சேர்க்கையிலோ பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பிவிடுகிறது. அதனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் அனுபவத்தை நம்பாமல் உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

“கீமோவில் ஒரு சைக்கிள், அதாவது ஒரு சுற்று, முடியட்டும், அப்புறம் சேமிக்கலாம்” என்பதுதான் பெரிய தவறு. மருந்து ஏறிய பிறகு கிடைக்கும் விந்தணுவின் மரபணு சிதைந்திருக்கலாம். முதல் டிரிப்புக்கு முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். அதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் வேலைதான். நோயினாலேயே எண்ணிக்கை குறைந்திருந்தாலும் கைவிட வேண்டாம்; விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணு போதும்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் விரைப்புற்று வந்தபோது கீமோவுக்கு முன்பே சேமித்துவைத்தார். அதிலிருந்து மூன்று குழந்தைகள். வேடிக்கை என்னவென்றால், 2009-இல் பிறந்த நான்காவது குழந்தை இயற்கையாகவே உண்டானது. ஆகவே “கீமோ எடுத்தாச்சு, இனி ஆணுறை எதற்கு?” என்பதும் தவறுதான். சிகிச்சையின்போதும், முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் காலம் வரையிலும் ஆணுறை கட்டாயம்.

ஹார்மோன் ஊசி போட்டால் விரை காக்கப்படும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்களுக்கு அது பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. சோர்வுக்கு டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்வது இன்னும் மோசம், இருக்கும் உற்பத்தியையும் அது அடக்கிவிடும். டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடும் லேகியமும் வேண்டாம்.

பருவமடையாத சிறுவர்களிடம் சேமிக்க விந்தணு இருக்காது. விரைத் திசுவை உறைய வைப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

சேமித்த பிறகும் ஒரு வேலை உண்டு. போன் எண் மாறினால் சேமிப்பு மையத்துக்குச் சொல்லுங்கள், புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாதிரியை என்ன செய்வது என்று படிவத்தில் கேட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.