எம்போ-1 வெட்டவில்லையா? என்சைமைத் திட்டாதீர்கள்

எம்எஸ்சி முடித்து பெங்களூரு வந்த புதிதில், யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு சின்ன லேபில் மூன்று நாள் எம்போ-1 என்ற, டிஎன்ஏவை வெட்டும் என்சைமைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிளாஸ்மிடை (பாக்டீரியாவுக்குள் இருக்கும் சின்ன வட்ட டிஎன்ஏ) வெட்டவே இல்லை. கெட்டுப்போச்சு என்று புதுக் குப்பி வாங்க வைத்தேன். அதுவும் வெட்டவில்லை.

காரணம், பிளாஸ்மிடை வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவில் டேம் என்றொரு என்சைம் உண்டு. டிஎன்ஏவில் ஜிஏடிசி என்ற நான்கு எழுத்து வரிசை எங்கே வந்தாலும் அதிலுள்ள அடினினுக்கு மீத்தைல் பொட்டு வைத்துவிடும். எழுத்து மாறாது. எம்போ-1, டிபிஎன்-1, சாவ்-3ஏ மூன்றும் ஜிஏடிசியில் வெட்டும் என்சைம்கள். பொட்டு இருந்தால் எம்போ-1 வெட்டாது. டிபிஎன்-1 பொட்டு இருந்தால்தான் வெட்டும். சாவ்-3ஏ பொட்டைக் கண்டுகொள்ளாது.

நீங்களே பார்க்க, டிஎச்5ஆல்ஃபா என்ற லேப் ஈ. கோலையில் வளர்த்த பியுசி19 பிளாஸ்மிடை எடுங்கள். நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 500 நானோகிராம் டிஎன்ஏ, அந்தந்த என்சைமுக்கான 10எக்ஸ் பஃபர் 2 மைக்ரோலிட்டர், என்சைம் அரை மைக்ரோலிட்டர், மீதி தண்ணீர், மொத்தம் 20 மைக்ரோலிட்டர். மூன்று குழாயில் ஆளுக்கொரு என்சைம்; ஒப்பிட்டுப் பார்க்க நான்காவதில் என்சைம் வேண்டாம். 37 டிகிரியில் ஒரு மணி நேரம். (கரண்ட் போனால் மணியைப் புதிதாக எண்ணுங்கள், குழாய்களைச் சூடாக்கும் எங்கள் டிரை பாத் அப்படிப் பலமுறை ஏமாற்றியிருக்கிறது.) துண்டுகள் சின்னவை, அவற்றை நீளப்படி பிரித்துப் பார்க்க 2 சதவீத ஜெல் போடுங்கள். டிபிஎன்-1, சாவ்-3ஏ இரண்டும் ஒரே மாதிரி நொறுக்கியிருக்கும்; எம்போ-1 குழாய் வெட்டாத குழாய் போலவே நிற்கும். அதே பிளாஸ்மிடைப் பிசிஆரில் (குழாயிலேயே டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கி வெட்டிப் பார்த்தால் கதை தலைகீழ், ஏனென்றால் பிசிஆர் குழாயில் டேம் இல்லை. ரொட்டி ஈஸ்டிலும் டேம் இல்லை, அங்கே தேட வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் பேப் மரபணு. சிறுநீர்த் தொற்று தரும் ஈ. கோலையில் ஒரே ஜீனோம் கொண்ட செல்களில் சிலவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும் பைலி (மயிரிழை போன்ற நீட்சிகள்) இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. பேப் பக்கமுள்ள இரண்டு ஜிஏடிசியில் எதில் பொட்டு என்பதைப் பொறுத்தது அது. டிஎன்ஏ நகலாகும்போது புது இழையில் பொட்டு இருக்காது. டேம் வருவதற்குள் எல்ஆர்பி புரதம் ஒரு ஜிஏடிசி பக்கம் உட்கார்ந்து அதை மறைத்துக்கொள்ளும்.

இதைப் பார்க்க, குரோமோசோம் டிஎன்ஏவைத் தனித்தனியாக மூன்று என்சைமாலும் வெட்டி, நடுவில் ஒரே ஒரு ஜிஏடிசி வரும்படி பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியின் எல்லையைக் குறிக்கும் சின்ன டிஎன்ஏ) வைத்து பிசிஆர் செய்யுங்கள். வெட்டுப்படாத டிஎன்ஏ மட்டுமே பெருகி ஜெல்லில் பட்டையாகத் தெரியும். எம்போ-1 குழாயில் மட்டும் பட்டை வந்தால் பொட்டு இருக்கிறது. டிபிஎன்-1 குழாயில் மட்டும் வந்தால் இல்லை. இரண்டிலும் வந்தால் இரு வகைச் செல்களும் கலந்த கூட்டமாக இருக்கலாம். ஆனால் முதலில் சாவ்-3ஏ குழாயைப் பாருங்கள். அதிலும் பட்டை வந்திருந்தால் டிஎன்ஏ சரியாக வெட்டப்படவில்லை, சுத்தம் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.