"ஒரு நல்ல குடும்பக் காமெடி நாடகம் சொல்லுங்களேன்": கேட்பவருக்குச் சரியாகச் சிபாரிசு செய்வது எப்படி?

சினிமாவைச் சிபாரிசு செய்வதில் பெரிய ஆபத்து இல்லை. பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். நாடகத்தில் அது நடக்காது. வீட்டார் எல்லோரையும் கிளப்பிக் கூட்டிப்போய் நடு வரிசையில் உட்கார்ந்த பிறகு எழுந்து வரவும் முடியாது. அதிலும் கணவன் மனைவி, அண்ணன் தங்கை, மாமியார் மருமகள் கதை என்றால், மேடையில் வாங்கிக் கட்டிக்கொள்பவர் பக்கத்து இருக்கையிலும் உட்கார்ந்திருக்கக்கூடும். அதனால் யார் கேட்டாலும் கீழே உள்ள வரிசையில்தான் நான் போகிறேன்.

படி 1: யாரோடு பார்க்கப் போகிறார்கள்?

"உங்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "ஜாலியா இருக்கணும்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யாரோடு போகிறார்கள் என்று கேளுங்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களா, பெற்றோரோடா, பதினைந்து வயதுப் பிள்ளையோடா என்று தெரிந்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். அந்த வீட்டில் சமீபத்தில் ஒரு சாவோ பிரிவோ நடந்திருந்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படி 3-க்கு வேண்டும்.

படி 2: சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

சில நாடகங்களில் சிரிப்பு வசனத்தில் இருக்கும். கிரேசி மோகன் நாடகங்களில் ஊறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்கரான நீல் சைமன் நல்ல தொடக்கம். வரிக்கு வரி பதில் அடி விழும்.

சில நாடகங்களில் யாரும் ஜோக்கே சொல்ல மாட்டார்கள், நிலைமைதான் சிரிக்க வைக்கும். இதில் ராஜா, இங்கிலாந்து நாடகாசிரியர் ஆலன் எய்க்போர்ன். 80-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். அவருடைய 'தி நார்மன் காங்க்வெஸ்ட்ஸ்' (1973) மூன்று தனி நாடகங்கள். ஒரே வீடு, ஒரே வார இறுதி, அதே ஆறு பேர். ஒரு நாடகம் சாப்பாட்டு அறையில் நடக்கிறது, இன்னொன்று வரவேற்பறையில், மூன்றாவது தோட்டத்தில். ஒன்றில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர் அப்புறம் எங்கே போய் என்ன செய்தார் என்பது மற்றொன்றில் தெரியும். எதை முதலில் பார்த்தாலும் புரியும். கேட்பவர் பொறுமைசாலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம்.

மூன்றாவது வகையில் நாகரிகமான மனிதர்கள் மெல்ல மெல்லக் கழன்றுபோவதே சிரிப்பு. பிரெஞ்சு நாடகாசிரியர் யாஸ்மினா ரேசாவின் களம் இது. படி 6-இல் வருகிறேன்.

படி 3: 'காமெடி' என்ற முத்திரையைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

எய்க்போர்னின் 'அப்சர்ட் பெர்சன் சிங்குலர்' (1972) எந்தப் பட்டியலிலும் காமெடி என்றே இருக்கும். மூன்று தம்பதிகள், மூன்று கிறிஸ்துமஸ்கள், மூன்று சமையலறைகள். இரண்டாவது அங்கத்தில் ஈவா என்ற பெண் தன் சமையலறையில் திரும்பத் திரும்ப உயிரை விட முயல்கிறாள். கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. விருந்துக்கு வந்த ஜேன் அவள் அடுப்பைச் சுத்தம் செய்ய முயல்கிறாள் என்று நினைத்து, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற தோரணையில் அடுப்பைத் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறாள். ஒருவர் அடைத்துக்கொண்ட தொட்டியைச் சரிசெய்கிறார், இன்னொருவர் விளக்கைப் பழுதுபார்க்கிறார். அத்தனை பேரும் உதவுகிறார்கள், ஒருவர் கண்ணிலும் அவள் படவில்லை. அரங்கு அதிரச் சிரிக்கும். மிகச் சிறந்த காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி ஒரு இழப்பைச் சந்தித்த வீட்டுக்கு இதைச் சொல்லலாமா? கூடாது. முத்திரையைப் பார்த்து இது தெரிய வழியே இல்லை.

டிரேசி லெட்ஸின் 'ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி' (2007) இன்னொரு உதாரணம். 2008-இல் புலிட்சர் பரிசு வாங்கியது. துக்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாத்திரைக்கு அடிமையான அம்மா ஒவ்வொருவரையும் உரித்து எடுக்கும் காட்சியில் சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். இதைக் குடும்பக் காமெடி என்று சொல்லி அனுப்பினால் உங்களிடம் அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் நான் செய்வது: பிரதி கிடைத்தால் கடைசிப் பத்துப் பக்கங்களை முதலில் படிக்கிறேன். ரகசியம் உடைந்துவிடுமே என்றால், உடையட்டும். சிபாரிசு செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. முடிவில் இவர்கள் மறுபடி ஒரே அறையில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அநேகமாக எல்லோருக்கும் சொல்லலாம். முடியாவிட்டால் படி 1-இல் கேட்டதைத் திரும்ப யோசியுங்கள். பிறகு நடுப்பகுதியில் ஒரு காட்சியாவது படியுங்கள். ஈவாவின் அந்தக் காட்சி முடிவில் இல்லை, நடுவில்தான் இருக்கிறது.

படி 4: நேரம், இடைவேளை

வயதானவர்களும் சிறுவர்களும் வருகிறார்கள் என்றால் இடைவேளை உண்டா என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரம் இடைவேளையே இல்லாமல் ஓடும் நாடகங்கள் இப்போது நிறைய.

படி 5: எங்கே தேடுவது?

விமர்சனங்களில் இல்லை. நட்சத்திர மதிப்பெண்களில் சுத்தமாக இல்லை. மேடையேற்ற உரிமம் தரும் நிறுவனங்களின் தளங்கள்தான் என் முதல் இடம். கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற தளங்களில் எத்தனை நடிகர்கள், எவ்வளவு நேரம், கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். நாடகக் குழுக்களுக்காகப் போட்ட தகவல்தான், ஆனால் நமக்கும் அதுவே போதும். பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் நேஷனல் தியேட்டர் லைவ். 2009-இலிருந்து மேடை நாடகங்களைப் படம்பிடித்துத் திரையரங்குகளுக்கு அனுப்பி வருகிறார்கள்.

படி 6: ஒன்றே ஒன்று சொல்லுங்கள்

ஐந்து பெயர் கொடுத்தால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். நான் கைவசம் வைத்திருப்பவை:

*தம்பதிக்கு:* லாரா வேடின் 'ஹோம், ஐ'ம் டார்லிங்' (2018). இன்றைய காலத்தில் வாழும் ஒரு ஜோடி, வீட்டுக்குள் 1950-களைப் போலவே வாழ முடிவெடுக்கிறது. பார்த்துவிட்டு வீட்டு வேலையைப் பற்றி ஒரு சண்டை நிச்சயம், ஆனால் நல்ல சண்டை.

*அண்ணன் தங்கை, நண்பர் கூட்டத்துக்கு:* பிரெஞ்சு நாடகமான 'லெ பிரெனோம்' (2010). தங்கள் குழந்தைக்கு அடால்ஃப் என்று பெயர் வைக்கப்போவதாக ஒருவன் விருந்தில் அறிவிக்கிறான். இதற்கு மேல் சொல்லாதீர்கள்.

*நெருங்கிய நண்பர்களுக்கு:* ரேசாவின் 'ஆர்ட்' (1994). முழு வெள்ளையாக இருக்கும் ஓவியத்தை ஒருவன் பெரும் விலைக்கு வாங்க, மூவர் நட்பு ஆட்டம் காண்கிறது. நடுவில் மூவரில் ஒருவனான ஈவான் மூச்சுவிடாமல் ஒரு புலம்பல் புலம்புவான்: கல்யாண அழைப்பிதழில் எந்தச் சிற்றன்னையின் பெயரைப் போடுவது, யார் பெயரோடு தன் பெயர் வரக்கூடாது என்று அம்மா அடம்பிடிக்கிறாள் என்று. அதற்கு எந்த மொழியிலும் அடிக்குறிப்பு தேவைப்படாது.

*கெட்டியான மனசு உள்ளவர்களுக்கு:* ரேசாவின் 'காட் ஆஃப் கார்னேஜ்' (2006). 11 வயதுப் பையன் இன்னொருவனின் பல்லை உடைத்துவிட, இரு பையன்களின் பெற்றோரும் மரியாதையாகப் பேசித் தீர்க்க உட்காருகிறார்கள். ஓயாமல் போனில் பேசும் வக்கீல் கணவனின் போனை அவன் மனைவி பூச்சாடித் தண்ணீருக்குள் போடும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: 'காட் ஆஃப் கார்னேஜ்' பிரதியில் பாரிஸ் என்று இருக்கிறது, நான் பார்த்த பதிப்பில் புரூக்ளின், பெயர்களும் வேறு, இது வேறு நாடகமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதே நாடகம்தான். 2009-இல் பிராட்வேக்குப் போனபோது கதைக்களத்தை அமெரிக்காவுக்கு மாற்றினார்கள். சிபாரிசு செய்யும்போது எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: "பிரதியைப் படித்தேன், சிரிப்பே வரவில்லை" என்று பலர் எழுதுகிறார்கள். தனியாக மனதுக்குள் படித்தால் வராது. இரண்டு பேராகச் சத்தமாகப் படியுங்கள், 'மௌனம்' என்று போட்டிருக்கும் இடங்களில் உண்மையாகவே மூன்று விநாடி நிறுத்துங்கள். 'ஆர்ட்' பிரதியில் பாதிச் சிரிப்பு அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.