கூப்பிட்டால் நாய் ஏன் வருவதில்லை? நாம் செய்கிற தவறுகள்

வீட்டுக்குள் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிற நாய், கேட்டைத் தாண்டியதும் நாம் கத்துவது காதிலேயே விழாதது போல நடந்துகொள்ளும். 'வர வர திமிர் ஜாஸ்தியாகிவிட்டது' என்கிறோம். திமிரெல்லாம் ஒன்றுமில்லை. இதுவரை கூப்பிட்டு வந்தபோதெல்லாம் தனக்கு என்ன நடந்தது என்பது அதற்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை வைத்துத்தான் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

நாயை எதற்கெல்லாம் கூப்பிடுகிறோம் என்று நாலைந்து நாள் கவனித்துப் பாருங்கள். குளிப்பாட்ட, உண்ணி எடுக்க, காதில் மருந்து விட, நகம் வெட்ட, சங்கிலியில் கட்ட. மைதானத்தில் என்றால், ஆட்டம் களைகட்டும் நேரத்தில் வீட்டுக்கு இழுத்துப் போக. வந்தால் சங்கடம், வராவிட்டால் ஜாலி என்று நாமே பழக்கிவிட்டு, அப்புறம் அதைக் குறை சொல்கிறோம். பிடிக்காத வேலை எதுவானாலும் கூப்பிடாமல் நீங்களே அருகில் போய்க் கூட்டி வாருங்கள். மைதானத்தில் சும்மாவே அவ்வப்போது கூப்பிடுங்கள். வந்ததும் ஏதாவது தின்னக் கொடுத்து, திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். வந்தால் ஆட்டம் முடிந்துவிடாது என்று தெரிந்த நாய்க்கு வர எந்தத் தயக்கமும் இருக்காது.

இருப்பதிலேயே மோசமான தவறு, தாமதமாக வந்த நாயை அடிப்பது. தெருவெல்லாம் சுற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து நிற்கும். கையில் குச்சியோடு காத்திருப்போம். ஓடிப் போனதற்கு அடிக்கிறோம் என்பது நம் எண்ணம். ஆனால் நாய் கடைசியாகச் செய்த காரியம் திரும்பி வந்தது. அடி அதற்குத்தான் விழுந்தது என்றே அது எடுத்துக்கொள்ளும். 'தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்' என்று சிலர் வாதாடுவார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்னதைத் தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசமே இல்லாமல், உரிமையாளர் திட்டினால் அந்தக் 'குற்ற முகம்' வந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பதில்தான். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு 'சமத்து' என்று சொல்லத்தான் வேண்டும். கஷ்டம்தான்.

அடுத்தது, ஆளுக்கொரு விதமாகக் கூப்பிடுவது. தாத்தா 'தோ தோ' என்பார், அம்மா 'மணி, வாடா' என்பார், பையன் 'கம் ஹியர்' என்பான். போதாதென்று 'மணி' என்ற பெயரையே திட்டவும் கொஞ்சவும் அடுத்த வீட்டாரிடம் பெருமை பேசவும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். பெயர், நம் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும். வருவதற்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். 'வா' என்பது ஏற்கனவே நாய் காதில் வாங்காத சொல்லாகிவிட்டதா? அதை மீட்க மெனக்கெடுவதைவிடப் புதுச் சொல்லில் தொடங்குவது சுலபம். விசில் இன்னும் நல்லது. யார் ஊதினாலும் ஒரே சத்தம், அதில் நம் கோபமும் தெரியாது.

சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். 'வா வா வா வா, வாடான்னா' என்று கத்தினால், ஐந்தாவது தடவைக்குத்தான் அசைய வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். வராதென்று உங்களுக்கே தெரிகிற நேரத்தில், உதாரணமாகத் தெருநாய்களோடு மூக்கை மூக்கால் உரசிக்கொண்டிருக்கும்போது, கூப்பிடாமல் இருப்பதே மேல்.

வரும், ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளும் நாய்களும் உண்டு. குனிந்தால் ஓரடி பின்னால் போகும். முன்பு வந்தபோதெல்லாம் தாவிக் கழுத்துப் பட்டையைப் பிடித்ததன் பலன் இது. இதற்கு வீட்டுக்குள்ளேயே பயிற்சி கொடுக்கலாம். தீனியை உங்கள் முழங்காலை ஒட்டிப் பிடியுங்கள். நாய் வந்து முகரும்போது, இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு போகாமல் தாடைக்கு அடியில் கொண்டு போய்ப் பட்டையை லேசாகப் பிடியுங்கள். பிடித்த பிறகு தீனியைக் கொடுங்கள். அது மெல்லும்போதே பட்டையை விட்டுவிடுங்கள். பிடி முதலில், தீனி பிறகு; இந்த வரிசை மாறக் கூடாது. கொஞ்ச நாளில் கை பட்டால் தானாகவே தலையைத் தூக்கிக் காட்டும்.

தீனியில் கஞ்சத்தனம் வேண்டாம். கூடத்தில் மேரி பிஸ்கெட்டுக்கு வருகிற நாய், தெருவில் ஒரு பூனையைப் பார்த்த பிறகு அதே பிஸ்கெட்டுக்கு வராது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை இவற்றைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டால் போதும். வெந்த எலும்பு, சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது.

எல்லாரும் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. கூடத்தில் நன்றாக வருகிறது என்று மறுநாளே மைதானத்தில் அவிழ்த்துவிடுவார்கள். கூடத்தில் கற்றதைத் தெருவிலும் செய்ய வேண்டும் என்று நாய்க்குத் தானாகப் புரியாது. கூடம், மொட்டை மாடி, விடிகாலையில் ஆளில்லாத தெரு, பிறகுதான் மைதானம். மைதானத்திலும் முதலில் 10 மீட்டர் பருத்திக் கயிற்றைக் கட்டியே விட வேண்டும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடிக் கயிறு விறைத்தால் கழுத்து அடிபடும். நைலான் கயிறு உங்கள் உள்ளங்கையை உரித்துவிடும். பகலெல்லாம் கட்டிப் போட்ட நாய் என்றால், ஓடித் தீர்க்க முதலில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

குட்டியில் நன்றாக வந்துகொண்டிருந்தது ஏழெட்டு மாதத்தில் மக்கர் செய்யும். பிரிட்டனில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், 'உட்கார்' என்று வளர்ப்பவர் சொன்னால் 5 மாத வயதில் கேட்டதைவிட 8 மாத வயதில் நாய்கள் குறைவாகவே கேட்டன. அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. விடலைப் பருவம், கடந்துவிடும். அதுவரை கயிற்றைக் கழற்றாதீர்கள்.

கேட்டு வழியாகத் தப்பிவிட்டால் துரத்தாதீர்கள். வீடே பின்னால் ஓடி வருவது அதற்குப் பெரிய விளையாட்டு. அதன் கண்ணில் பட்டதும் திரும்பி எதிர்த் திசையில் ஓடுங்கள், அல்லது பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாக்கெட்டைச் சலசலக்க வையுங்கள். தீபாவளி நேரத்தில் மட்டும் எதையும் நம்ப வேண்டாம்; வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய்க்கு எந்தப் பயிற்சியும் நினைவுக்கு வராது. அந்த நாட்களில் இரவில் வெளியே போனால் கயிறு கட்டாயம்.

நம்மூர் வேட்டை நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தப் பழக்கிய இனங்கள். முயலோ ஆடோ ஓடுவது கண்ணில் பட்டு, நாயும் ஓடத் தொடங்கிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடுவது பெரும்பாலும் வீண். அதன் காது நிமிரும் அந்த ஒரு நொடியிலேயே கூப்பிட்டுவிட வேண்டும். வேலி இல்லாத இடத்தில் அவிழ்க்காமலே இருப்பது இன்னும் உத்தமம்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் முதலில் அதற்குக் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் ஓரளவு தெரியும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். காது கேட்காத நாயையும் வரப் பழக்கலாம். பகலில் கையை அகல விரித்து மார்புக்குக் கொண்டு வருவது ஒரு சைகை, இரவில் டார்ச்சை இரண்டு தடவை அணைத்து ஏற்றுவது இன்னொன்று. தீனி கொடுக்கும் முறை அதேதான். டார்ச்சுக்குப் பதில் லேசர் விளக்கு மட்டும் வேண்டாம். நாய் உங்களை விட்டுவிட்டு அந்தப் புள்ளியைத் துரத்த ஆரம்பித்துவிடும்.