லாக் பிக்கிங் பழகுகிறீர்களா? டென்ஷன் கையில் நடக்கும் தவறுகள்

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் கலையான லாக் பிக்கிங் பழக வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த பிக் வாங்கலாம் என்பதைத்தான். பூட்டைத் திறப்பதே அந்த மெல்லிய கொக்கிக் கம்பிதான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மாதக்கணக்கில் பழகியும் முன்னேறாமல் நிற்பவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் இன்னொரு கையில்தான் இருக்கும். சாவித் துவாரத்தில் நுழைத்து உருளையைத் திருப்ப முயலும் வளைந்த கம்பியை, அதாவது டென்ஷன் ரெஞ்சை, பிடித்திருக்கும் கை அது.

அதற்குள் போகும் முன் ஒன்று. பழகுவதற்கு உங்கள் சொந்தப் பூட்டையோ, உரியவர் அனுமதி தந்த பூட்டையோ மட்டும் எடுங்கள். சொந்தமே ஆனாலும் தினமும் புழங்கும் கதவுப் பூட்டு வேண்டாம். பிக்கின் நுனி உள்ளே முறிந்துவிட்டால், ஸ்பிரிங் வளைந்துவிட்டால், அப்புறம் சாவி போட்டாலும் அந்தக் கதவு திறக்காமல் போகலாம்.

பின் டம்ளர் பூட்டுக்குள் சுழலும் உருளை ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி அசையாத கூடு இருக்கிறது. இரண்டின் வழியாகவும் போகும் துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையிலும் பின் எனப்படும் சிறு உலோகத் துண்டுகள் இரண்டு: சாவியைத் தொடும் சாவிப் பின், அதன் மேல் டிரைவர் பின், அதற்கும் மேல் ஸ்பிரிங். இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்பில், அதாவது ஷியர் லைனில், வந்து நின்றால் உருளை சுழலும். அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் லினஸ் யேல் ஜூனியர் 1861-இல் காப்புரிமை பெற்ற பூட்டின் அடிப்படையும் இதுதான். துளைகள் அச்சுப் பிசகாமல் ஒரே கோட்டில் இருந்துவிட்டால் பின்களை ஒவ்வொன்றாக வைத்துத் திறக்கவே முடியாது. எந்த ஆலையிலும் அப்படித் துளையிட முடிவதில்லை, மயிரிழையை விடச் சிறிய விலகல் வந்தே தீரும். அதனால் ரெஞ்சை லேசாகத் திருப்பும்போது ஏதோ ஒரு பின்தான் முதலில் இறுகும். அதைத் தூக்கிச் சரியான உயரத்தில் வைத்தால் உருளை இம்மியளவு திரும்பும், அடுத்த பின் இறுகும். பிக்கிங் முழுவதும் இந்த வரிசையைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

இந்த வரிசையைக் கெடுக்கும் முதல் தவறு, அதிக அழுத்தம். நான் பழகிய முதல் பித்தளைப் பூட்டில் மூன்று நாள் இப்படித்தான் போராடினேன். விரல் நுனியில் ரெஞ்சின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது, நகத்தின் அடிச்சதை வெளுத்துப் போயிருந்தது. அந்த அழுத்தத்தில் ஒன்றல்ல, மூன்று நான்கு பின்கள் சேர்ந்து இறுகிவிடும். எதைத் தொட்டாலும் கல்லாக இருக்கும், எது முதல் பின் என்றே தெரியாது. பிக்கை இன்னும் பலமாக நெம்பத் தோன்றும். நெம்பினால் சாவிப் பின்னும் ஷியர் லைனைத் தாண்டி மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும். பிக் வளைவதும் முறிவதும் பெரும்பாலும் இங்கேதான்.

எவ்வளவு போதும் என்று கேட்டால், கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஒரு எழுத்தை அழுத்தும் அளவிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அதற்கு ஐம்பது அறுபது கிராம் எடையே போதும். விரலை ரெஞ்சின் மேல் வைத்துவிட்டு, எல்லாப் பின்களும் ஸ்பிரிங் போலத் துள்ளுகின்றனவா என்று ஒரு சுற்றுத் தட்டிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே ஒரு பின் மட்டும் துள்ளாமல் விறைக்கும் இடம் வரும். அந்தப் பூட்டுக்கு அந்த நேரத்துக்கு உரிய அழுத்தம் அதுதான். தூக்கி வைத்த அந்தப் பின்னே மறுபடி மறுபடி கீழே விழுந்தால் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இந்தப் பக்கம் தவறுபவர்கள் குறைவு.

அடுத்தது ரெஞ்ச் உட்காரும் விதம். ரெஞ்ச் உருளையை மட்டுமே தொட வேண்டும். அதன் வளைவு கூட்டின் மேல் உரசினால் நீங்கள் கொடுக்கும் விசையில் பாதி அங்கேயே போய்விடும், விரலுக்குப் பொய்யான தகவல் வரும். துவாரத்தில் லொடலொடவென்று ஆடும் ரெஞ்சும் இதே கெடுதலைச் செய்யும். சாவித் துவாரத்தின் அடியில் வைக்கும் ரெஞ்ச், பிக் நுழைய வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். துவாரம் குறுகலாக இருந்தால் பின்கள் இருக்கும் பக்கமே, முதல் பின்னுக்கு முன்னால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான ரெஞ்சைப் பொருத்திப் பாருங்கள். பிக்குக்குக் கிடைக்கும் இடவசதி உடனே தெரியும். முதல் பின்னை மட்டும் அது தொடக்கூடாது. விரலையும் ஒரே இடத்தில் வையுங்கள். நுனியிலிருந்து வளைவை நோக்கி விரல் நகர்ந்தால், அதே பலத்துக்கு உருளையில் விழும் திருகுவிசை குறைந்துவிடும்.

என் அனுபவத்தில் அதிகம் பேரை நிறுத்திவைப்பது, கடைசிவரை ஒரே அழுத்தம் போதும் என்ற எண்ணம். சாதாரணப் பின்கள் உள்ள பூட்டில் அது செல்லும், ஸ்பூல் பின்னிடம் செல்லாது. ஸ்பூல் என்பது நூல்கண்டு போல நடுவில் ஒடுங்கிய டிரைவர் பின். அந்த ஒடுங்கிய இடுப்பு ஷியர் லைனுக்கு வரும்போது உருளை சட்டென்று சில பாகை திரும்பி நின்றுவிடும். திறந்துவிட்டது என்று மனம் துள்ளும், ஆனால் திறந்திருக்காது. இப்போது அந்தப் பின்னை மெதுவாகத் தூக்கினால் ரெஞ்ச் உங்கள் விரலை எதிர்த்திசையில் தள்ளும். பயந்து விரலை இறுக்கிப் பிடிப்பதுதான் தவறு. அந்தத் தள்ளலுக்கு இடம் கொடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பஞ்சு மேல் வைத்த விரல் போல, உருளை பின்னால் வர வர விரலும் கூடவே பின்வாங்க வேண்டும். ஸ்பூலின் விளிம்பு ஷியர் லைனைக் கடந்து மேலேறியதும், உருளை மறுபடி முன்னால் நகரும். இதற்கிடையில் ஏற்கெனவே வைத்த ஒன்றிரண்டு பின்கள் விழலாம். விழுந்தவற்றை மட்டும் திரும்ப வையுங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒரு பின் எல்லை மீறி மேலே சிக்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், பலரும் ரெஞ்சைப் படக்கென்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு பின்னும் விழும் ஓசையைத் தனித்தனியாக எண்ண முடியும். ஒரே ஒரு டிக் கேட்டு, மற்றவை அப்படியே நின்றால், சிக்கியது மட்டும் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லை மீறித் தூக்குவது பழைய சங்கதிதான். 1818-இல் இங்கிலாந்தின் ஜெரமையா சப் காப்புரிமை பெற்ற டிடெக்டர் பூட்டில் பின்களுக்குப் பதில் நெம்புகோல்கள் இருக்கும். அந்தப் பூட்டு, நெம்புகோல் ஒன்று அளவுக்கு மேல் உயர்ந்தாலே தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். 1851-இல் லண்டனில் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அந்தப் பூட்டையே திறந்து காட்டினார்.

கை களைத்தால் நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல் தானாகவே அழுத்தத்தைக் கூட்டும், உங்களுக்கே தெரியாது. பழகுவதற்குப் பின்களை மாற்றக்கூடிய பயிற்சிப் பூட்டு கிடைத்தால், ஒரே ஒரு பின்னோடு தொடங்கி, அது விரலுக்குப் பழகியபின் இரண்டாவதைச் சேருங்கள்.

பூட்டு திறந்த கணத்திலும் ஒரு தவறு காத்திருக்கிறது. சந்தோஷத்தில் உருளையை அரைவட்டம் சுழற்றினால், அடிப்பக்கம் திறந்த சாவித் துவாரம் இப்போது டிரைவர் பின்களுக்கு நேராக வந்துவிடும். பின்கள் அதற்குள் இறங்கி உருளையைப் பூட்டிவிடும். அதனால் திறந்ததும் கொஞ்சம் திருப்பியதோடு நிறுத்தி, பிக்கை வெளியே எடுத்து, மெதுவாகப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.