யாழ்ப்பாணம் போனால் நாவலர் வீதி நூதனசாலைக்கும் ஒரு காலை

நல்லூர், கோட்டை, நூலகம், நயினாதீவு என்று பட்டியல் போடுகிறவர்கள் யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலையை விட்டுவிடுகிறார்கள். நாவலர் வீதியில், நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால் அது ஒதுங்கிக் கிடப்பதும் ஒரு காரணம். ஓட்டோக்காரரிடம் மண்டபத்தின் பெயரைச் சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

லண்டன், பாரிஸில் பார்த்த நூதனசாலைகளை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். இடம் சின்னது, பராமரிப்பும் சுமார். வாசலில் ஒல்லாந்தர் காலப் பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும். உள்ளே பல்லக்கு, ஏழு வாய்ப் பானை, துப்பாக்கிச் சன்னம் துளைத்த விக்டோரியா மகாராணியின் படம். அம்மம்மாவோ அப்பப்பாவோ கூட வந்தால் நல்லது. பழைய பாவனைப் பொருட்களைப் பற்றி அவர்கள் சொல்வது எந்தக் குறிப்பு அட்டையிலும் இருக்காது.

நின்று பார்க்கவேண்டியவை கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைத் துண்டுகள். "இங்கே எப்படிப் புத்தர்?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இன்றைய அரசியலை வைத்துப் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். பௌத்தம் ஒரு காலத்தில் தமிழரிடையேயும் இருந்த சமயம். மணிமேகலையே தமிழில் எழுந்த பௌத்த காப்பியம்தானே. கந்தரோடையின் கதை அதற்கும் முந்தியது. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு அங்கே தோண்டியபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டை (பெரிய கற்களால் ஈமச்சின்னம் அமைத்தவர்களின் பண்பாடு) ஒத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிவந்தன. நூதனசாலையைப் பார்த்த கையோடு அங்கேயும் போய்விடுங்கள். சுண்ணாகத்துக்குப் பக்கம், பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வெட்டவெளியில் சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாக நிற்கும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இல்லையென்றால் கந்தரோடையை விட்டு, பருத்தித்துறை வீதியில், யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் பாருங்கள், கிட்டத்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோவிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், கொஞ்சம் நடக்கவேண்டி வரும்.

அப்புறம் ஒன்று. இதையெல்லாம் பார்த்த ஆசையில் ஊர்வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் ஏட்டுச்சுவடியையோ பழைய விக்கிரகத்தையோ பயணப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். தொல்பொருட்களை இலங்கைக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கத்தில் பிடிபடலாம். சுவடியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.